‘லீவுதானுங்க டீச்சர் போட்டிருந்தேன்’: கல்வியில் எடுத்துரைப்பு ஆய்வு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏற்காட்டில் பள்ளி ஆசிரியராக இருக்கிறீர்கள், எம்.எட். ஆய்வேடு எழுதுகிறீர்கள். எட்டாவது, ஒன்பதாவதோடு பள்ளிக்கு வராமல் போன மலைக்கிராமத்துப் பெண்கள் பத்துப் பேரிடம் பேசிப் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள். நெறியாளர் ‘நேரேட்டிவ் முறையில் செய்யுங்கள்’ (தமிழில் எடுத்துரைப்பு ஆய்வு) என்று சொல்லிவிட்டார். உடன் படிப்பவர்கள் ‘கதை எழுதினால் ஆய்வாகுமா? கருதுகோள் எங்கே, எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருளில் போட எண் எங்கே?’ என்று கேட்கிறார்கள். இந்த முறை என்றால் என்ன, கையிலிருக்கும் பத்துப் பதிவுகளை என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வி.

ஆய்வாகும். ஆனால் பத்துப் பேர் சொன்னதிலிருந்து ‘காரணங்கள்’ என்று ஒரு பட்டியல் எடுத்து, ஒவ்வொரு காரணத்துக்குக் கீழும் இரண்டு வரி மேற்கோள் ஒட்டினால் அது எடுத்துரைப்பு ஆய்வு ஆகாது. நான் பார்த்த ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. ஒருவர் தன் அனுபவத்தை எப்படிக் கோத்துச் சொல்கிறார், எங்கே தொடங்குகிறார், எதை விடுகிறார், ஏன் இப்படிச் சொல்கிறார் என்பதை உடைக்காமல் பார்ப்பதுதான் இந்த முறை.

சேலத்தில் ஒரு கல்வியியல் கல்லூரியில் ஆய்வு முறையியல் பாடம் நடத்துகிறேன். இந்த முறையை எனக்குப் புரியவைத்தது ஒரு சிறுமி. அதைச் சொன்னால் மற்றது எளிதாகிவிடும்.

அப்போது நான் மலையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். இடைநின்றவர்கள் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து வீடு வீடாகப் போகச் சொன்னார்கள். படிவத்தில் கட்டங்கள்: வறுமை, திருமணம், தூரம், ஆர்வமின்மை, பிற. காப்பித் தோட்டத்து லைன் வீடு (வேலை செய்பவர்களுக்குத் தோட்டம் கொடுக்கும் வரிசை வீடு) ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பெண். வீட்டைப் பார்த்தேன், ‘வறுமை’யில் டிக் போட்டேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. அவள் அம்மா கடுங்காப்பி வைத்துக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை அங்கே நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் வாசலில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டையைக் காலால் கோடு கோடாகக் கிளறிவிட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: “நான் நிக்கலீங்க டீச்சர். லீவுதானுங்க போட்டிருந்தேன்.”

அப்புறம்தான் விஷயம் வந்தது. பாட்டி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. அம்மா பாட்டியோடு சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பழம் எடுக்கும் மாதம் அது. வீட்டிலிருந்து ஒரு ஆளாவது வேலைக்குப் போகாவிட்டால் லைன் வீட்டுக்கு ஆபத்து என்று பயந்து, அம்மாவுக்குப் பதிலாக இவள் கூடையைக் கட்டிக்கொண்டு போனாள். அரையாண்டுத் தேர்வு போயிற்று. பொங்கல் கழிந்து அம்மா திரும்பியதும், சீருடையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். வருகைப் பதிவேட்டில் பேர் வாசித்தார்கள். இவளுக்கு முந்தைய பேர் வந்தது, அடுத்து இவளுக்குப் பிந்தைய பேர் வந்தது. “என் பேரு கூப்பிடலீங்க. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். யாரும் திட்டலை. மறுநாள் போகலை.”

படிவத்தில் நான் போட்ட ‘வறுமை’ பொய்யில்லை. அந்த வீட்டில் வறுமை இருந்தது. ஆனால் அவள் பள்ளிக்கு வராமல் போனது வறுமையால் மட்டுமில்லை, ஒரு காலை நேரத்தில் இரண்டு பேர்களுக்கு நடுவே விழுந்த இடைவெளியால். அந்த இடைவெளிக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. ‘பிற’ என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

கட்டம் இல்லாத இந்த மாதிரி அறிவை எப்படி முறையாகச் சேகரிப்பது என்ற கேள்விக்குத்தான் எடுத்துரைப்பு ஆய்வு பதில் சொல்கிறது. இதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி. 1938இல் வந்த ‘அனுபவமும் கல்வியும்’ நூலில் இரண்டு விஷயம் சொன்னார். ஓர் அனுபவம் அதற்கு முந்தியதிலிருந்து பிறந்து, பிந்தியதற்குள் போகிறது. அனுபவம் என்பது ஆளுக்குள் மட்டும் நடப்பதில்லை, ஆளுக்கும் சூழலுக்கும் இடையில் நடக்கிறது. உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1986இல், மனிதன் உலகைப் புரிந்துகொள்ள இரண்டு வழி வைத்திருக்கிறான் என்றார். ஒன்று காரண காரியத்தை நிரூபிக்கும் தர்க்க வழி, மற்றது கதை வழி. ஒன்றை மற்றதாகச் சுருக்க முடியாது என்பது அவர் வாதம். கனடாவைச் சேர்ந்த மைக்கேல் கான்னலியும் ஜீன் கிளாண்டினினும் டூயியைப் பிடித்துக்கொண்டு, 1990இல் ஒரு கட்டுரையிலும் 2000இல் ஒரு முழு நூலிலும் இதைக் கல்வி ஆய்வுக்கான முறையாக ஆக்கினார்கள். ஆய்வேட்டில் முறையியல் இயல் எழுதும்போது இந்த வரிசை உங்களுக்குப் போதும். பத்துப் பக்கத்துக்கு மேற்கத்திய அறிஞர் பேர்களை அடுக்க வேண்டாம்.

அவர்கள் தந்த கருவிகளில் உங்களுக்கு உடனே உதவுவது, முப்பரிமாண வெளி. காலம், உறவு, இடம் என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கச் சொல்கிறார்கள். சொல்வதற்குச் சுலபம், செய்யும்போது ஒன்று கையைவிட்டு நழுவும். அந்தப் பெண்ணின் கதையிலேயே பாருங்கள்.

காலம்: பள்ளிக்கு ஒரு நாட்காட்டி, ஜூனில் தொடங்கி டிசம்பரில் அரையாண்டு. மலைக்கு வேறு நாட்காட்டி. நவம்பர் வாக்கில் பழம் சிவக்கத் தொடங்கினால் பிப்ரவரி வரை எல்லாக் கையும் செடியில்தான் இருக்கும். அரையாண்டுத் தேர்வும் பழமும் ஒரே மாதத்தில் மோதுகின்றன. ‘எந்த வருஷம் நின்னீங்க?’ என்று கேட்டால் பதில் வராது. ‘அப்ப பழம் எடுத்துட்டிருந்தாங்களா, கவாத்து நடந்துச்சா?’ என்று கேட்டுப் பாருங்கள், தேதியோடு சொல்வார்கள்.

உறவு: அவளுக்குள் இருந்த கூச்சம், அம்மாமேல் இருந்த பாசம், மேஸ்திரிமேல் இருந்த பயம், பேர் வாசித்த ஆசிரியர். இதில் கேட்டுக்கொண்டு நின்ற நானும் உண்டு. பட்டியலோடு வந்த ஆசிரியரிடம்தான் அவள் ‘நான் நிக்கலீங்க’ என்று தொடங்கினாள். பக்கத்து வீட்டுத் தோழியிடம் அப்படித் தொடங்கியிருக்க மாட்டாள். ஆகவே நீங்கள் யார், உங்களை அவர்கள் யாராகப் பார்த்தார்கள் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுத வேண்டும். நீங்கள் பள்ளிக்கூடத்து ஆள். பள்ளிமேல் உள்ள வருத்தத்தை உங்களிடம் பாதிதான் சொல்வார்கள்.

இடம்: லைன் வீடு வெறும் பின்னணி இல்லை. வீடு வேலையோடு ஒட்டியிருந்ததால்தான் அவள் கூடையை எடுத்தாள். சொந்தப் பட்டா நிலத்தில் இருக்கும் குடும்பத்துப் பெண்ணுக்கு இதே கதை வேறு மாதிரி போயிருக்கும்.

இனி, இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். அதுதான் பகுப்பாய்வு. ஆங்கிலப் பாடநூல்கள் இதை ஆங்கில உதாரணங்களோடு சொல்லித் தருவதால் நம் பிள்ளைகள் தமிழின் காதை மூடிக்கொண்டு பகுப்பாய்வு செய்கிறார்கள். உங்கள் பதிவுகளில் பள்ளியை விட்ட கணத்தைச் சொல்லும் வினைச்சொல்லை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். ‘விட்டுட்டேன்’ என்றால் முடிவு தன்னுடையது. ‘நிறுத்திட்டாங்க’ என்றால் யாரோ செய்தது, அந்த யாரோ அப்பாவா பள்ளியா என்று அவள் சொல்லவில்லை, அதைச் சொல்லாமல் விட்டதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘நின்னுபோச்சு’ என்றால் செய்தவர் யாருமே இல்லை, மழை நின்ற மாதிரி படிப்பும் நின்றுவிட்டது. நம் அலுவலகச் சொல்லான ‘இடைநின்றவர்’ என்பதையும் இவற்றோடு வைத்துப் பாருங்கள். நிற்பதற்குப் பொறுப்பை அது பிள்ளையின் தலையில் வைக்கிறது. ‘நான் நிக்கலீங்க’ என்று அவள் சொன்னது அந்தச் சொல்லுக்கான மறுப்பு.

அதேபோல ‘-ஆம்’ விகுதி. ‘இனிமே வரவேண்டாம்னு சொன்னாங்களாம்’ என்று ஒருத்தி சொன்னால், அவள் அதை நேரில் கேட்கவில்லை, யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் படிப்பு முடிந்த செய்தி அவளுக்கே வாய்வழியாகத்தான் வந்திருக்கிறது என்பதை ஓர் ‘ஆம்’ காட்டிவிடும். ‘அவ்வளவுதான்’, ‘என்ன பண்றது’ என்று கதையை மூடும் சொற்களையும் விடாதீர்கள். மொழியியலாளர் வில்லியம் லேபவ், வாலெட்ஸ்கியோடு சேர்ந்து 1967இலும், பின்பு தனியாக 1972இலும், வாய்வழிக் கதையின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார்: தொடக்கச் சுருக்கம், சூழல், சிக்கல், மதிப்பீடு, தீர்வு, முடிப்பு. இதில் மதிப்பீடு என்பது ‘இதை நான் ஏன் உன்னிடம் சொல்கிறேன்’ என்பதைச் சொல்பவரே காட்டும் இடம். ‘யாரும் திட்டலை’ என்றாளே, அது மதிப்பீடு. திட்டியிருந்தால்கூடத் தான் அங்கே இருப்பது யாருக்காவது தெரிந்திருக்கும் என்பதுதான் அதன் பொருள். இப்படிப்பட்ட ஒரு வரியைக் கண்டுபிடித்தால் அதில் இரண்டு பக்கம் தாராளமாக எழுதலாம்.

இந்தக் காரணத்தால்தான் எழுத்துப்படி தயாரிக்கும்போது பேச்சை இலக்கணப்படுத்தாதீர்கள் என்கிறேன். ‘நான் பள்ளிக்குச் செல்வதை நிறுத்திவிட்டேன்’ என்று திருத்தி எழுதிவிட்டால் மேலே சொன்ன எதுவும் மிஞ்சாது. ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றாலும் பகுப்பாய்வு முழுக்கத் தமிழ்ப் படியில் நடக்கட்டும், மொழிபெயர்ப்பு கடைசியில் வரட்டும். இடைவெளி, சிரிப்பு, பேச்சை மாற்றிய இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரு மணிநேரப் பதிவுக்கு ஏழெட்டு மணிநேரம் பிடிக்கும். வேறு ஆளிடம் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னால் நேரம் மிச்சமாகும், ஆனால் அந்த ஏழெட்டு மணிநேரத்தில்தான் காது பழகுகிறது.

பகுப்பாய்வில் எந்தப் பாதை என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். டொனால்ட் போல்கிங்ஹார்ன் 1995இல் இரண்டாகப் பிரித்தார். பல கதைகளைத் தரவாக வைத்து அவற்றில் பொதுவான இழைகளை எடுப்பது ஒன்று. சிதறிய நிகழ்வுகளைக் கோத்து ஒரு முழுக் கதையாகக் கட்டுவது மற்றொன்று. இரண்டும் செல்லும். ஆனால் ஒரே இயலில் இரண்டையும் கலந்தால் தேர்வாளர் சரியாகப் பிடித்துக்கொள்வார். காத்தரின் ரீஸ்மன் உள்ளடக்கம், அமைப்பு, உரையாடல், காட்சி என்று நான்கு வகை சொல்வார். உங்களுக்கு முதல் இரண்டு போதும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு என் பதில் உங்களைச் சங்கடப்படுத்தலாம். பத்து அதிகம். எம்.எட். கால அளவுக்கு மூன்று பேர், நன்றாகச் செய்தால் இரண்டே பேர். மற்ற ஏழு பதிவுகள் வீணில்லை, அந்த மூவரைப் புரிந்துகொள்ள அவை பக்கத்துணை. ஆனால் மூவரிடமும் குறைந்தது மூன்று முறை போக வேண்டும். முதல் முறை எல்லோரும் வந்தவருக்கு ஏற்ற கதையைச் சொல்வார்கள். இரண்டாம் முறை அதில் திருத்தம் வரும். மூன்றாம் முறை, நீங்கள் கேள்வியே கேட்காதபோது, சொல்ல வேண்டியது வரும். ‘ஏன் நின்றாய்?’ என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அது குற்றம் சாட்டுகிற மாதிரிக் கேட்கும், பதிலாக ஒரு சாக்குத்தான் வரும். ‘கடைசியா ஸ்கூலுக்குப் போன அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு சொல்லு’ என்று கேளுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். நாம் ஆசிரியர்கள், மௌனத்தைத் தாங்கப் பழகாதவர்கள். மூன்று விநாடி அமைதியானால் பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

‘அவர்கள் சொன்னது உண்மை என்று எப்படித் தெரியும்?’ வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். மலையிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளிகள் (கேரளத்தோடு தொடர்பில்லை, மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வரும் பெயர்) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அண்ணன் தம்பிகள் மூவரில் மூத்தவர் இந்த மலையிலும், மற்ற இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினார்களாம். கல்வெட்டைத் தேடி இதைச் சரிபார்ப்பது வரலாற்றாசிரியர் வேலை. ‘நாங்கள் மூன்று மலையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்’ என்று இந்தக் கதை சொல்வதும், அதை வைத்து அவர்கள் உறவு கொண்டாடுவதும் வேறு வகை உண்மை. எடுத்துரைப்பு ஆய்வு தேடுவது அந்த இரண்டாவது வகையை. அதற்காக, கேட்டதை அப்படியே எழுதிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸ் விவரத்தையும் பாருங்கள். பதிவேடும் கதையும் முரண்பட்டால் யார் பொய் சொன்னார் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். முரண்படும் அந்த இடத்தையே ஆராயுங்கள். பதிவேட்டில் ‘நீண்ட நாள் வருகையின்மை’ என்றிருக்கிறது, அவள் வாயில் ‘லீவு’ என்றிருக்கிறது. என் பார்வையில் ஆய்வே இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

எண் கேட்பவர்களிடம் சண்டை போடாதீர்கள். ஏற்காடு ஒன்றியத்தில் எத்தனை சதவீதப் பெண்கள் ஒன்பதாம் வகுப்பில் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் கணக்கெடுப்புதான் வழி. மூன்று பேர் கதையை வைத்து ‘மலைப் பெண்கள் இப்படித்தான்’ என்று ஒரு வரி எழுதினாலும் உங்கள் ஆய்வேடு அங்கேயே விழுந்துவிடும். ஆனால் அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் எந்தக் கட்டம் விடுபட்டிருக்கிறது என்பதை உங்களால் சொல்ல முடியும். அதை எந்தக் கணக்கெடுப்பும் தன்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

நெறிமுறை பற்றி இரண்டு விஷயம் மட்டும், ஆனால் கண்டிப்பாக. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும். அம்மா தலையாட்டியதைப் பிள்ளையும் தலையாட்டியதாக எழுதிக்கொள்ளக் கூடாது. அடுத்தது, பேரை மாற்றினால் மட்டும் மலையில் ஆள் மறையாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ‘கொலுசுப் பட்டறைத் தொழிலாளியின் மகள்’ என்றால் நூற்றுக்கணக்கானவர்களில் ஒருத்தி. மலையில் முப்பது வீட்டுக் கிராமத்தில் ‘பாட்டிக்கு இடுப்பெலும்பு உடைந்த வீடு’ என்றால் அத்தனை பேருக்கும் தெரியும். நான் மேலே சொன்ன கதையிலும் சில அடையாளங்களை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன், அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். கதையின் முதுகெலும்பு ஒடியாமல் எதை மாற்றலாம் என்பதை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கதை அவர்களுடையது, நம் கையில் இரவலாக இருக்கிறது.

இனி உங்கள் பத்துப் பதிவுகள். இந்த வாரம் எழுத்துப்படி எதுவும் வேண்டாம். பத்தையும் ஒருமுறை கேளுங்கள், பஸ்ஸில் மலையேறும்போதுகூடக் கேட்கலாம். ‘இதை இன்னொரு தடவை கேட்கணும்’ என்று எந்த மூன்று தோன்றுகிறதோ அவற்றை எடுங்கள். ஏன் அந்த மூன்று என்பதை அன்றே அரைப் பக்கம் எழுதி வையுங்கள், பின்னால் முறையியல் இயலில் அது வேண்டியிருக்கும். அந்த மூன்றை மட்டும் நீங்களே எழுத்துப்படியாக்கி, ஒவ்வொருவர் கதையையும் அவர்கள் சொன்ன வரிசையிலேயே மூன்று நான்கு பக்கத்தில் எழுதுங்கள். விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய், அவரவர் வீட்டில் அவரவரிடமே வாசித்துக் காட்டுங்கள். ‘இப்படிச் சொல்லலீங்களே’ என்பார்கள், அல்லது ‘இதை எடுத்துடுங்க’ என்பார்கள், அல்லது நீங்கள் கேட்காத ஒன்றைப் புதிதாகச் சொல்வார்கள். மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுக்கச் சொன்னதை மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள்.

போவதென்றால் பழம் சிவப்பதற்குள் போய்விடுங்கள். கூடை கட்டத் தொடங்கிவிட்டால் தை முடியும்வரை அங்கே யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.